எலி சிரிப்பது நமக்குக் கேட்காது

புதிதாக எலி வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் முதல் சில நாட்களிலேயே ஒரு பயம் வந்துபோகும். மடியில் கிடக்கும் எலி திடீரென்று பல்லை நறநறவென்று அரைக்கும். கூடவே இரண்டு கண்களும் படபடவென்று பிதுங்கி வெளியே வந்து, உள்ளே போய், மறுபடியும் வெளியே வரும். முதல்முறை பார்த்தபோது வலிப்பு என்றே நினைத்துவிட்டேன். தடவிக்கொண்டிருந்த கையைச் சட்டென்று எடுத்தேன். எலியோ அந்தக் கையைத் தேடிவந்து, அதன் அடியில் தலையை நுழைத்துக்கொண்டது.

விஷயம் பல்லில் இருக்கிறது. எலிக்கு மொத்தம் 16 பற்கள். அவற்றில் முன்னால் உள்ள நான்கு வெட்டுப்பற்கள் மட்டும் ஆயுள் முழுக்க வளரும். தேயாமல் விட்டால் ஆண்டுக்கு 10 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும். அவற்றின் முன்பக்கத்தில் மட்டும்தான் எனாமல் உண்டு. அதில் இரும்பு சேர்ந்திருப்பதால் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். (அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கப் போகாதீர்கள், வளர்ந்த எலிக்கு அதுதான் இயல்பான நிறம்.) பின்பக்கம் மென்மையானது, சீக்கிரம் தேயும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசும்போது முன்பக்கம் நிற்க, பின்பக்கம் கரைய, பல் தானாகவே உளிமுனை போலத் தீட்டப்படுகிறது. கடிக்கக் கட்டை போடாவிட்டால் பல் நீண்டுவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மைதான். பெரும்பாலான வேலையைப் பல்லே பார்த்துக்கொள்கிறது.

கண் ஏன் ஆட வேண்டும்? தாடையை இயக்கும் தசைகளில் ஒன்று எலிக்குக் கண்குழி வழியாக, கண்ணை ஒட்டிப் பின்னால் போகிறது. தாடை வேகமாக அசைய அசைய, அந்தத் தசை இறுகித் தளர்ந்து கண்ணைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அவ்வளவுதான். சுகத்தில் பூனை எழுப்பும் குர்ர்குர்ர் ஒலி எப்படியோ, எலிக்கு இது அப்படி: பெரும்பாலும் சுகத்தின் அடையாளம். ஆனால் மிரண்டுபோன எலியும் வலியில் இருக்கும் எலியும்கூடப் பல்லை அரைக்கும். உடல் தளர்ந்து கிடக்கிறதா, முடி சிலிர்த்துக் குறுகி உட்கார்ந்திருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் எதுவென்று புரியும்.

பல் அரைப்பதாவது காதில் விழுகிறது. எலியின் பேச்சில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாதது. மனிதக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அச்சத்திலும் துன்பத்திலும் எலி எழுப்பும் நீண்ட ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் அளவில், நம் எல்லைக்குச் சற்றே மேலே இருக்கிறது. விளையாட்டு, எதிர்பார்ப்பு, குதூகலம் எல்லாம் 50 கிலோஹெர்ட்ஸ் அளவிலான குட்டிக் குட்டிக் கீச்சுகள். 1990களின் இறுதியில் அமெரிக்காவில் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டி, வௌவால் ஒலியைக் கேட்க உதவும் கருவியை வைத்துப் பார்த்தார். கீச்சுகள் கொட்டின. கையை எடுத்தால் எலிகள் அதைத் துரத்திக்கொண்டு வந்தன. இதைச் சிரிப்பு என்று அழைக்கலாமா என்ற வாதம் இன்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால், துரத்தி வந்ததுதான் முக்கியம். பிடரியில் விரலால் அளைந்து, மெல்லப் புரட்டி வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள், பழகிய எலி திரும்பத் திரும்ப வரும்.

காட்டு எலி இப்படி வராது. வளர்ப்பு எலியும் அதே பழுப்பு எலி இனம்தான். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜாக் பிளாக் என்ற எலிபிடிப்பவர், பிடிபட்ட வினோத நிற எலிகளைக் கொல்லாமல் ஒதுக்கி, இனப்பெருக்கம் செய்து விற்றார். சாதுவாவது எப்படி என்பதைச் சோதித்தவர்கள் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகர ஆய்வாளர்கள். 1972 முதல் காட்டு எலிகளின் வாரிசுகளை இரண்டு வரிசைகளாக வளர்த்தார்கள். நீட்டிய கையைச் சகித்துக்கொண்டவற்றை ஒரு வரிசையிலும், பாய்ந்து கடித்தவற்றை இன்னொன்றிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். கடைசியில் ஒரு வரிசை கையில் ஏறி உட்கார்ந்தது, மற்றது கையைக் கண்டாலே சீறியது. இரண்டையும் கலந்து ஆராய்ந்ததில், சாதுத்தன்மைக்கு ஒற்றை மரபணு காரணமல்ல, மரபணுத் தொகுதியில் பல இடங்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்று 2009இல் தெரியவந்தது.

இன்னொரு பீதி, ரத்தக் கண்ணீர். கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் காய்ந்திருக்கும். அது ரத்தமல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி, கண்ணை ஈரமாக வைக்கச் சுரக்கும் திரவத்தில் போர்ஃபைரின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டினால் அது ஒளிரும். நலமான எலி முகம் கழுவும்போது அதைத் துடைத்துவிடும். நோயோ மன அழுத்தமோ வந்தால் சுரப்பு கூடும், முகம் கழுவுவது குறையும், சிவப்பு தங்கிவிடும். அப்போது முதலில் கூண்டைத்தான் முகர்ந்து பார்க்க வேண்டும். சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா எலியின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் உடலில் சத்தமில்லாமல் இருக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்கு வழிவிடுகிறது. கண்ணாடித் தொட்டியைவிடக் கம்பிக் கூண்டு நல்லது என்பது இதனால்தான். மூச்சில் கரகரப்பு கேட்டால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு, மூன்று ஆண்டு மட்டுமே ஆயுள் உள்ள உயிருக்கு ஒரு வாரம் என்பது நீண்ட காலம்.

சிவந்த கண் கொண்ட வெள்ளை எலி வாங்கியவர்களுக்கு மூன்றாவது குழப்பம் ஒன்றும் உண்டு. மேசை விளிம்பில் நின்று தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டும். நோயா, கடிக்கப் போகிறதா? இரண்டும் இல்லை. கண்ணில் நிறமி இல்லாததால் ஒளி சிதறி, அதற்கு எல்லாமே மங்கலாகத் தெரிகிறது. தலையை ஆட்டும்போது அருகில் உள்ள பொருள் அதிகமாகவும் தொலைவில் உள்ளது குறைவாகவும் நகர்வதுபோலத் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் உங்கள் தோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. ஆட்டம் நின்றதும் அசையாமல் இருங்கள், குதிக்கப் போகிறது.