பெயர் அதேதான், ஆள் அவர்தானா?

இங்கிலாந்துக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடித் தருவது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் நார்ஃபோக், சஃபோக், டார்செட் பக்கத்து விவசாயக் கூலிகள். வரும்போதே பலர் கையில் இணையத்தில் தயாரான வம்சமரம் இருக்கும். 1600 வரை தடையில்லாமல் போயிருக்கும். கூலிக் குடும்பத்துக்கு அப்படி அமைவது அபூர்வம்.

அங்கே பெயர்ப் பஞ்சம். ஜான், வில்லியம், தாமஸ் என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பிள்ளைக்கு அப்பா பெயரை வைத்தால் ஒரே ஊரில், ஒரே வயதில் இரண்டு வில்லியம். பிள்ளை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கும் வைப்பார்கள். இணையதளமோ பெயரும் வருடமும் ஒத்துப்போனால் ‘இவராக இருக்கலாம்’ என்று காட்டும். ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும், மற்றவர்கள் நகலெடுத்துவிடுவார்கள்.

நான் சரிபார்த்த ஒரு மரத்தில், 1816-இல் ஞானஸ்நானம் பெற்ற வில்லியமிலிருந்து பல தலைமுறைகள் மேலே ஏறியிருந்தார்கள். அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டை எடுத்தேன். 1819, அதே பெயர், வயது 3. அந்தக் குழந்தைக்குத்தான் 1840-இல் கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள்! ஞானஸ்நானப் பதிவு கிடைத்த சந்தோஷத்தில் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1-இல். அதன் பிறகான திருமணச் சான்றிதழில் இரு வீட்டுத் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி வயதைக் கணக்கிடாதீர்கள். 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே பெரும்பாலும் எழுதினார்கள். பிறந்த ஊரும் அதில் கிடையாது. 1851-இல்தான் பிறந்த பாரிஷின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பெயர் வருகிறது. முன்னோர் அதுவரை உயிரோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. (பெரம்பூரிலிருந்து தேடும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு: லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஓய்வூதியம் பெற்ற பிரிட்டிஷ் சிப்பாயைப் படையிலிருந்து விடுவித்த தாள் இருந்தால், அதில் பிறந்த பாரிஷ் இருக்கும்.)

‘ஒன்றுமில்லாதவர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருப்பார்கள்?’ என்று கேட்பார்கள். ஏழைகளுக்கு நிவாரணப் பணம் கொடுக்க வேண்டிய பாரிஷ்காரர்கள் எழுதி வைத்தார்கள். 1662 சட்டப்படி, பிழைப்பில்லாமல் கையேந்தியவர் எந்தப் பாரிஷின் பொறுப்பு என்று நீதிபதிகள் முன் சத்தியப் பிரமாணத்தோடு விசாரிப்பார்கள். எங்கே பிறந்தார், எந்தப் பண்ணையில், என்ன சம்பளத்துக்கு, எத்தனை மாதம் இருந்தார், எங்கே கல்யாணம், பிள்ளைகளுக்கு என்ன வயது: அத்தனையும் ஒரே தாளில், அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. கல்யாணமாகாத வேலையாள் ஒரே பண்ணையில் முழு வருடம் வேலை பார்த்தால் அந்தப் பாரிஷில் நிவாரணம் பெறும் உரிமை வந்துவிடும். அதைத் தவிர்க்க 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த முதலாளிகளும் உண்டு. பிரபு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை இவ்வளவு விவரமாகக் கிடைப்பதில்லை.

ஞானஸ்நானப் பதிவில் அப்பா பெயர் இல்லையென்றால் தேடலை நிறுத்திவிட வேண்டாம். அந்தப் பிள்ளையை வளர்க்கும் செலவு தன் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று பாரிஷ் தந்தையைத் துரத்திப் பிடித்து, வாரத்துக்கு இத்தனை ஷில்லிங் என்று எழுதி வாங்கியிருக்கும். இந்தத் தாள்கள் பல ஊர்களில் அழிந்துவிட்டன. இருப்பவற்றிலும் நிறைய இணையத்துக்கு வரவில்லை. மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் பாரிஷ் பெயரையும் ஏறத்தாழ வருடத்தையும் எழுதி, ஏழை நிவாரணத் தாள்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். பயணச்சீட்டு அப்புறம்.