லேசான எலக்ட்ரிக் டர்ட் பைக்கா, முழு அளவு வண்டியா?

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் டர்ட் பைக் (மண் தடங்களில் ஓட்டும் மோட்டார் சைக்கிள்) ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழ் அப்பா தன் 14 வயது மகனை அழைத்து வந்தார். வேனுக்குள் சர்-ரான் லைட் பீ என்ற லேசான எலக்ட்ரிக் டர்ட் பைக், புத்தம் புதிது. "எலக்ட்ரிக் சைக்கிள்தானே அண்ணா, ஸ்கூலுக்கும் இதிலேயே போயிட்டு வரட்டும்னு வாங்கினேன்" என்றார்.

இதே வார்த்தையை நான் அடிக்கடி கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது. இந்த மாநிலச் சட்டப்படி எலக்ட்ரிக் சைக்கிள் என்றால் பெடல் இருக்க வேண்டும், மோட்டார் 750 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. லைட் பீயில் பெடலே கிடையாது. அதன் மோட்டார் உச்சத்தில் 6,000 வாட்டோ அதற்கு மேலோ இழுக்கும், மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும். பார்க்கச் சைக்கிள் மாதிரி இருந்தாலும் அது மோட்டார் சைக்கிள்தான். சாலையிலோ சைக்கிள் பாதையிலோ ஓட்டக் கூடாது. ஆஃப்-ரோடு வண்டியாக, அதாவது சாலைக்கு வெளியே மட்டும் ஓடும் வண்டியாகப் பதிவு செய்து, ஹாலிஸ்டர் ஹில்ஸ் போன்ற, இதற்கென்றே உள்ள பூங்காக்களில்தான் ஓட்ட வேண்டும்.

சரி, எதை வாங்குவது? லைட் பீ 60 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஸ்டார்க் வார்க் போன்ற முழு அளவு எலக்ட்ரிக் வண்டி 110 கிலோவுக்குக் குறையாது. அதன் 80 குதிரைத்திறன், பந்தயங்களில் ஓடும் 450 சிசி பெட்ரோல் வண்டியை விட அதிகம். விலையும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

லேசான வண்டியில் கீழே விழுந்தாலும் தூக்கி நிறுத்திவிடலாம், சறுக்கினால் காலை ஊன்றித் தாங்கலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை என்பேன். ஆனால் 90 கிலோ ஆள் அதில் ஏறி மேட்டிலிருந்து குதித்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அடிவரை அமுங்கி, ஹேண்டில் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். சக்கரமும் சின்னது. கற்கள் நிறைந்த தடத்தில், 21 அங்குல முன் சக்கரம் சுலபமாக ஏறிக் கடக்கும் கல்லில் இது முட்டி நிற்கும். உடல் எடை கூடியவர்களும் தாண்டிக் குதிக்க ஆசைப்படுகிறவர்களும் முழு அளவு வண்டிக்குப் போவதே நல்லது. முதல் சில மாதம் மோட்டாரின் திறனைக் குறைத்து வைத்து ஓட்டுங்கள். வார்க்கில் அந்த வசதி உண்டு.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று இருக்கிறது. நிற்கும்போது இந்த வண்டிகள் சத்தம் போடுவதில்லை, அதனால் சுவிட்ச் போட்டிருப்பதே தெரியாது. விழுந்த வண்டியைத் தூக்கும்போது கை தானாக ஆக்சிலரேட்டரைப் பிடிக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் வண்டி ஆளை இழுத்துக்கொண்டு பாயும். அதனால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும், அப்புறம்தான் தூக்க வேண்டும். நம் ஊரில் கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல். லைட் பீயில் இடது கைப் பிடி கிளட்ச் இல்லை, பின் பிரேக். பதற்றத்தில் அதை முழுசாக அழுத்தினால் பின் சக்கரம் இறுகிச் சறுக்கிவிடும். அனுபவமுள்ளவர்களே இதில் விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

அன்று அந்தப் பையனுக்கு முதல் ஒரு மணி நேரம் சுவிட்சை அணைப்பது, தூக்குவது, நிறுத்துவது, இவ்வளவுதான் பாடம். முகம் சுளிக்காமல் செய்தான். அப்பாவுக்குத் தனக்கும் ஒரு பெரிய வண்டி வாங்க ஆசை வந்துவிட்டது. என்னிடமிருந்த முழு அளவு வண்டியைச் சரிவில் படுக்கவைத்து, மூன்று முறை தூக்கி நிறுத்தச் சொன்னேன். வாங்க நினைக்கிற எல்லோருக்கும் நான் வைக்கும் சோதனை இது. இரண்டாவது முறையே மூச்சு வாங்கியது, மூன்றாவது முறை அவரால் முடியவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். மகன் ஒரு சுற்று, அப்பா ஒரு சுற்று என்று அந்த லைட் பீயையே மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். பள்ளிக்குப் பையன் பேருந்தில் போகிறான்.