காரின் இக்னிஷன் கசெற்றை மாற்றுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

போன பனிக்காலத்தில் ஒரு தம்பி தன்னுடைய 2001ஆம் ஆண்டு சாப் 9-5 டர்போ காரைக் கொண்டு கராஜுக்கு வந்தார். இறங்கும்போதே முகம் வாடியிருந்தது.

"அண்ணை, ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு கசெற் மாத்திப்போட்டன். ரெண்டாவது போட்டு நாலு மாதம்கூட ஆகேல்லை. ட்ராமன்ல இருந்து வரேக்க லியர் ஏத்தத்தில திரும்பவும் உதறுது."

"பிளக் எப்ப மாத்தினது?"

கொஞ்சம் யோசித்தார். "கார் வாங்கேக்க அவங்கள் மாத்தியிருப்பாங்கள்தானே."

கார் வாங்கி ஆறு வருடம். ஒஸ்லோவில் எங்களுடைய ஆட்களில் இன்னும் பழைய சாப் ஓட்டுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே கதையோடு வருகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

இந்தக் காரில் டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது, பிளக் வயரும் கிடையாது. எஞ்சின் தலையில், நான்கு பிளக்குகளையும் மூடிக்கொண்டு நீளமாக ஒரு பெட்டி படுத்திருக்கும். அதுதான் இக்னிஷன் கசெற். பிளக்குக்கு ஒன்றாக நான்கு கொயில் உள்ளே இருக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினி ட்ரயோனிக் 5 ஆக உள்ள கார்களுக்குச் சிவப்பு, ட்ரயோனிக் 7 உள்ளவைக்குக் கறுப்பு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது.

பற்றரியின் 12 வோல்ட்டை உள்ளே சுமார் 400 வோல்ட்டாக ஏற்றிச் சேமித்து, பிளக்கில் 40,000 வோல்ட் வரை அடிக்கிற சாமான் இது. அதோடு அதன் வேலை முடிவதில்லை. பொறி அடித்து முடிந்ததும், அதே பிளக்கின் இடைவெளியில் 80 வோல்ட் அளவில் சின்ன அழுத்தம் கொடுத்து, எரிகிற வாயுவின் ஊடாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பார்க்கிறது. பெற்றோல் சரியாக எரிந்ததா, எஞ்சின் நொக் அடிக்கிறதா, அதாவது பெற்றோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுகிறதா என்பதைக் கணினி இதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. இந்த எஞ்சினில் தனியாக நொக் சென்சரும் இல்லை, கேம் சென்சரும் இல்லை. எஞ்சினின் காது இந்தக் கசெற்தான். இதைச் சாதாரண கொயில் என்று நினைத்து, மலிவாகக் கிடைப்பதை வாங்கிப் பூட்டுவது எனக்குப் பெரிய பயம் தருகிற விஷயம்.

சரி, தம்பியின் காருக்கு வருவோம். நான்கு டொர்க்ஸ் ஆணிகளைக் கழற்றிக் கசெற்றை நேராக மேலே தூக்கினேன். பிளக்குகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தேன். இடைவெளி 1.0 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். இடைவெளி அளக்கிற 1.4 மில்லிமீற்றர் தகடு மூன்று பிளக்கில் தடையில்லாமல் உள்ளே போய் வந்தது. இரண்டாவது பிளக்கில் முனையில் இருக்கவேண்டிய பிளாட்டினத் துண்டே இல்லை, தேய்ந்து போய்விட்டது. அதன் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு. அந்தப் பிளக்கின் மேல் வரும் ரப்பர் குழாயைக் கையால் விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளேயும் அதே இடத்தில் ஒரு கோடு.

மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட முடியாமல் பீங்கானின் பக்கத்தால் ஓடித் தப்பியிருக்கிறது. அந்தக் கோடு அதன் தடம். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும்போது சிலிண்டரில் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் கூடிய வோல்ட் வேண்டும். அதனால்தான் கார் சும்மா நிற்கும்போது நன்றாக ஓடும், ஏற்றத்தில் பெடலை அமத்தினால் உதறும். தேய்ந்த பிளக்கோடு ஓட ஓட, கசெற் ஒவ்வொரு தடவையும் தன் எல்லைவரை போய் அடிக்கவேண்டியிருக்கும். புதுக் கசெற் என்றாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இரண்டாவது கசெற்றை அவர் இணையத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியிருந்தார். கையில் எடுத்ததுமே பாரம் குறைவாக இருந்தது. இப்படியான போலிகள் பொறி அடிக்கும், ஆனால் திரும்பி வரும் சிக்னலை நம்ப முடியாது. நொக் இல்லாதபோது இருக்கிறது என்று சொன்னால் டர்போ தள்ளும் அழுத்தம் (பூஸ்ட்) குறைந்து கார் சோம்பலாக ஓடும், அதுகூடப் பரவாயில்லை. நொக் இருக்கும்போது சொல்லாவிட்டால் பிஸ்டன் உடையும். அப்படி உடைந்த எஞ்சினையும் திறந்து பார்த்திருக்கிறேன்.

நல்லகாலம், காரோடு வந்த பழைய ஒறிஜினல் கசெற்றைத் தம்பி எறியவில்லை, டிக்கியில் துணி சுற்றிக் கிடந்தது. ரப்பர் குழாய்களை மட்டும் மாற்றி, நான்கு புது என்ஜிகே பிளக்கோடு அதையே பூட்டி, லியர் ஏற்றத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரு உதறல் இல்லை. அவர் முதலில் குற்றம் சொல்லி மாற்றிய கசெற் அது.

எல்லாருக்கும் இப்படி அமையாது. புதுப் பிளக் போட்ட பிறகும் உதறினால், நன்றாக ஓடுகிற இன்னொரு காரின் கசெற்றைப் பூட்டிப் பாருங்கள். உதறல் நின்றால் கசெற் போய்விட்டது என்று நம்பலாம். கார் சூடானதும் திடீரென்று நின்று, ஆறியபின் ஸ்டார்ட் வந்தால் கசெற்றைத் தொடமுன், எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்கிற கிராங்க் சென்சரைப் பாருங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் கிடந்தால் சந்தேகம் அந்தப் பக்கம்தான்.

வீட்டில் நீங்களே மாற்றுவதென்றால் எஞ்சின் ஆறட்டும். தலை அலுமினியம், சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். கார்த் திறப்பை (சாவியை) வெளியே எடுத்துவிடுங்கள். கசெற்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தியே வையுங்கள். பொறி வருகிறதா பார்க்கிறேன் என்று கசெற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. நல்ல கசெற்றும் அதோடு செத்துவிடும், உங்களுக்கும் ஆபத்து. பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் மேல்மூடியின் கேஸ்கெற்றையும் மாற்றவேண்டும். பிளக்குக்கு 28 நியூட்டன் மீற்றர், அதற்குமேல் இறுக்காதீர்கள். எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும், அதன் விலை கசெற்றைவிடக் கூட.

சாப் கம்பனி 2011 டிசம்பரில் திவாலானாலும், ஓரியோ என்ற சுவீடன் நிறுவனம் (இப்போது ஹெடின் பார்ட்ஸ்) உதிரிப்பாகங்களைத் தொடர்ந்து கொடுத்துவருகிறது. கசெற் வாங்கினால் அந்த வழியால் வாங்குங்கள்.

தம்பியின் காரில் எஞ்சின் மூடியின் உள்பக்கம் பிளக் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி ஒட்டிவிட்டேன். அடுத்த முறை யார் கேட்டாலும் அவர் யோசிக்கத் தேவையில்லை.