நாய் எந்த இடத்தில் உட்கார்ந்தது?

தக்கலைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் லேப்ரடாரை அழைத்து வந்தார். ஏழு வயது ஆண் நாய். "முன்பெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு ஓடுவான். இப்போது குளக்கரை வந்ததும் உட்கார்ந்துவிடுகிறான். வயதாகிவிட்டது டாக்டர், ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது. இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. "உண்ணி இருந்ததா?" என்று கேட்டேன். "அது போன மழைக்காலத்தில். பிடுங்கிப் போட்டுவிட்டோமே" என்றார். உண்ணி போய்விட்டது, அது இரத்தத்தில் விட்டுச்சென்ற எர்லிச்சியா என்ற கிருமி போகவில்லை. காய்ச்சல் இல்லாமல், சாப்பாடும் அதிகம் குறையாமல், மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கிலும் அது உள்ளேயே இருந்து இரத்த அணுக்களைக் குறைக்கும். வெளியே தெரிவது நடையில் ஒரு தளர்ச்சி மட்டும்தான்.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. உண்ணியை ஒடுக்கும் கடுங்குளிர் எந்த மாதத்திலும் இல்லை. அதனால் உண்ணி மருந்தை மழைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நாயின் உடம்பைவிட நாய்க்கூட்டின் இடுக்கிலும் சுவர் விரிசலிலும்தான் உண்ணி அதிகம் ஒளிந்திருக்கும்; அங்கேயும் மருந்தடிக்க வேண்டும். சிகிச்சைக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் தருகிறோம். பத்தாம் நாளே நாய் துள்ளத் தொடங்கிவிடும். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து அதே நாயை மறுபடி தூக்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

எல்லாத் தளர்ச்சியும் உண்ணியால் வருவதல்ல. அதனால் நான் முதலில் கேட்பது, நடையின் எந்த இடத்தில் நாய் சோர்கிறது என்பதைத்தான். எழுந்திருக்கவே சிரமப்பட்டு, முதல் சில நிமிடம் விறைப்பாக நடந்து, போகப் போகச் சரியாகிவிட்டால் மூட்டைப் பார்க்க வேண்டும். உற்சாகமாகக் கிளம்பிப் பாதி வழியில் பின்தங்கினால் இதயத்தையும் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கு நடுவயதுக்குப் பிறகு இதய வால்வு தடித்துக் கசிவது சாதாரணமாகக் காணப்படுகிறது. இரவில் இருமலும் வரலாம். கிளம்பவே மனமில்லாமல், அதிகம் சாப்பிடாமலேயே எடை கூடி, வாலில் முடி உதிர்ந்தால் தைராய்டு குறைவாக இருக்கக்கூடும். பங்குனி, சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் மட்டும் தயங்குகிறது என்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மிஞ்சினால் அது நாய்க்குத்தான். கிழங்கு எடையைக் கூட்டும். குழம்பில் கிடக்கும் உள்ளி இன்னும் மோசம். வெங்காயம், பூண்டு எதுவானாலும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. இதய நோய் உள்ள நாய்க்குக் கருவாட்டின் உப்பும் கெடுதல்.

கால் வலி என்று நினைத்து வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும். மூட்டு வலியோடு வந்திருக்க வேண்டிய நாய் இரத்த வாந்தியோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, நடக்கும்போது மயங்கி விழுந்தாலோ, வயிறு திடீரென்று உப்பினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மற்றபடி ஒரு வாரம் கவனித்துவிட்டு வரலாம். நாய் நன்றாக உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்கு அது 30-க்குள் இருக்க வேண்டும். நாள்தோறும் அந்த எண்ணையும், நடையில் நாய் நின்ற இடத்தையும் ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். பின்தங்கி நடப்பதைக் கைபேசியில் படம்பிடித்து வந்தால் இன்னும் நல்லது. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பயத்தில் எல்லா நாயும் விறைப்பாகத்தான் நிற்கும். அதன் உண்மையான நடையை என்னால் இங்கே பார்க்க முடியாது.