கூட்டைவிட்டுப் பறக்கவில்லை என்றால் பயமில்லை என்று அர்த்தமில்லை

"அது அசையவே இல்லைங்க, எங்ககிட்ட நல்லாப் பழகிடுச்சு." அடைகாக்கும் பறவையைக் கையெட்டும் தூரத்தில் நின்று படமெடுத்தவர்களிடம் இந்தப் பருவத்திலும் இதைக் கேட்டாயிற்று. அந்தக் கூட்டில் இப்போது தாய்ப்பறவை இல்லை. முட்டைகள் குளிர்ந்து கிடக்கின்றன.

அது பழகவில்லை, போகமுடியாமல் உட்கார்ந்திருந்தது. வேறு மாதத்தில் என்றால் உங்களைக் கண்டதுமே பறந்திருக்கும். இப்போது எழுந்தால் முட்டை குளிரும், கூடு இருக்குமிடம் காகத்துக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் உடலை ஒடுக்கிக்கொண்டு கிடக்கிறது. உள்ளே நடப்பது வெளியே தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும்.

பயத்திலும் பதற்றத்திலும் பறவைகளின் ரத்தத்தில் ஏறும் முக்கியமான ஹார்மோன் கார்ட்டிகோஸ்டீரோன். அதன் இயல்பான அளவு வேண்டுமென்றால், ஆய்வுக்காக விரித்த வலையில் பறவை விழுந்த 3 நிமிடத்துக்குள் இறக்கையடி ரத்தக்குழாயில் மெல்லிய ஊசியால் குத்திச் சில துளிகள் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் பிடிபட்ட பயமே அளவில் ஏறிவிடும். அரை மணி நேரம் கழித்து எடுத்தால் பல மடங்கு கூடியிருக்கும். இத்தனைக்கும் அந்தப் பறவை கையில் அமைதியாகத்தான் கிடக்கும். கண்ணை மட்டும் சிமிட்டும். அமைதியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள் என்று இதைவிட எப்படிச் சொல்வது?

இந்த ஹார்மோன் கெட்டதல்ல. குஞ்சுகளுக்காக நாள் முழுக்க இரை தேடி அலைய அதுவும் வேண்டும். குஞ்சுகள் அதிகமிருந்த சிட்டுக்குருவிகளுக்கு, பிடிபட்டபோது ஹார்மோன் குறைவாகவே ஏறியதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, குஞ்சுகளுக்காக உடலே பதற்றத்தை அடக்கிப் பிடிக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வாளர் பெங்ட் சில்வெரின் 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஈப்பிடிப்பான் பறவைகளுக்கு இந்த ஹார்மோனை ஓரளவு கூட்டியபோது குஞ்சுகளுக்கு இரை குறைந்தது. மிக அதிகமாகக் கூட்டியபோது பறவைகள் கூட்டையே கைவிட்டன.

எல்லையை நெருங்கிவிட்டதா என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. அலகில் புழுவோடு வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்துகிறதா? கடைசியில் அந்தப் புழுவைத் தானே விழுங்குகிறதா? நீங்கள் நிற்பதால்தான் அது உள்ளே போகவில்லை. உடனே கிளம்புங்கள். பின்னுக்கு நகர்ந்து நின்று பார்ப்பதெல்லாம் வேண்டாம்.

படம் தெளிவாக வர வேண்டுமென்று கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்காதீர்கள். வெயிலிலிருந்தும் வேட்டையாடும் பிராணிகளிடமிருந்தும் குஞ்சுகளைக் காப்பது அந்த இலைதான். பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு ஆண்பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தில் அது இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கும். சிறகு முளைத்த குஞ்சுகள் இருந்தால் கிட்டவே போகாதீர்கள், பறக்கத் தெரியுமுன்பே பயத்தில் வெளியே குதித்துவிடும். கூடு இருக்குமிடத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

படம் வேண்டும்தானே? கொஞ்சம் பொறுங்கள். குஞ்சுகள் கூட்டைவிட்டு வந்து கிளையில் உட்கார்ந்து இரை கேட்கும். அப்போது தூரத்தில் நின்று, பெரிய லென்ஸ் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.