பூட்டினாலும் பேசும் டேப்லெட்

பதினோரு வருஷமாக சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிறேன். போன வருஷம் வரை எல்லாம் ஒரு தடித்த டைரியில்தான்: யார், எந்த புளோக், எத்தனை மணி, முழங்காலா முதுகா, போன தடவை எத்தனை அடி நடந்தார். ஒருநாள் தோ பாயோவில் அதைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கி, அது திரும்பக் கிடைக்கும்வரை வயிற்றில் புளி கரைந்தது பாருங்கள், அந்த வாரமே டேப்லெட் வாங்கிவிட்டேன்.

வாங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். பீஷானில் ஒரு அம்மாவுக்குக் கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், டேப்லெட் சாப்பாட்டு மேசையில் மைலோ கோப்பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. டிங் என்று சத்தம். பூட்டிய திரையிலேயே, மறுநாள் நான் பார்க்கவேண்டிய இன்னொருவரின் முழுப்பெயரும் ‘பக்கவாதம், இடது கை’ என்பதும் பளிச்சென்று வந்து நின்றன. அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தேவிட்டார்.

“அடடா, அவங்களுக்கா தம்பி? அதான் கோயில் பக்கமே காணோமா!”

எனக்கு முகம் வெளுத்துப்போனது. டைரியை மூடினால் மூடியதுதான், இது அப்படியில்லை.

அன்று இரவே இரண்டு வேலை செய்தேன். ஐபேடில் செட்டிங்ஸுக்குப் போய், நோட்டிஃபிகேஷன்ஸில் ‘ஷோ பிரிவியூஸ்’ என்பதை ‘வென் அன்லாக்ட்’ என்று மாற்றினேன், ஆண்ட்ராய்டிலும் பூட்டுத் திரையில் விவரத்தை மறைக்க வழி உண்டு. அப்புறம் காலண்டரில் நோயின் பெயரையே எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெயரின் முதல் எழுத்து, புளோக் எண், நேரம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கடவுச்சொல் போட்ட தனிக் கோப்பில்.

2012இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் காகிதமும் ஒன்றுதான், டேப்லெட்டும் ஒன்றுதான். தகவல் கசிந்து, அது ஒருவருக்குப் பெரிய தீங்கு விளைவிக்கக்கூடியது என்றாலோ, 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டாலோ, அது அப்படிப்பட்ட கசிவுதான் என்று மதிப்பிட்டு முடிவுசெய்த 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். நான் தனி ஆள், என்னிடம் இருப்பதோ நாற்பது பேர் என்று அலட்சியமாக இருந்தவன்தான் நானும். தீங்கு பெரியது என்றால் எண்ணிக்கை பேசாது.

சரி, பழைய டைரிகள்? அதை யாரும் யோசிப்பதில்லை. ஸ்டோர் ரூமில் பத்து கிடந்தன, சிலவற்றில் அடையாள அட்டை எண்கள்கூட (நேரம் குறிக்கிற புத்தகத்தில் அது எதற்கென்று அப்போது தோன்றவில்லை). ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் எடுக்க வரும் காராங்குனிக்காரரின் ஹாரன் சத்தம் கேட்டதும் வீட்டில் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். லிஃப்ட் வரை ஓடிப்போய்ப் பிரித்து எடுத்தேன். இப்போது சின்னதாக ஒரு ஷ்ரெட்டர் வாங்கி, ராத்திரிக்கு ஒன்றாகக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நாலு பாக்கி.