குண்டின் வேகம் எளிதான பாதி

விண்கலத்திலிருந்து குண்டு பாய்ச்சி மாதிரி எடுக்கும் பொறிகளை வடிவமைக்க வரும் இளம் பொறியாளர்கள் பெரும்பாலும் வேகக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். அது எளிதான பாதி. பல வருடம் குளிரிலும் வெற்றிடத்திலும் கிடந்த பொறி கட்டளை போன நொடியில் வெடிக்குமா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

2005 நவம்பரில் ஜப்பானின் ஹயபுசா விண்கலம், இட்டோகாவா என்ற சிறுகோளில் இறங்கியது. தரையைத் தொட்டதும் டாண்டலம் என்ற கனமான உலோகத்தால் ஆன 5 கிராம் குண்டு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். தெறிக்கும் துகள்கள் குழாய் வழியே மேலேறி வர வேண்டும். குண்டு பாயவில்லை என்றே பின்னர் முடிவுக்கு வந்தார்கள். சுடுவதைத் தடுக்கும் கட்டளை நிரலிலேயே இருந்திருக்கிறது. இறங்கும்போது கிளம்பிய தூசி கொஞ்சம் உள்ளே போனதால்தான் 2010இல் நுண்துகள்களாவது பூமிக்கு வந்தன.

ஐரோப்பாவின் ஃபிலே இறங்குகலத்தின் கதை இன்னும் வலிக்கும். பத்து வருடப் பயணம் முடித்து, 2014 நவம்பர் 12 அன்று 67பி வால்மீனில் இறங்கியபோது, அதைத் தரையோடு பிணைக்க வேண்டிய ஈட்டிகள் பாயவில்லை. கீழே அழுத்திப் பிடிக்க வேண்டிய வாயு உந்தியும் இயங்கவில்லை. கலம் எகிறி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பாறை நிழலில் போய் நின்றது. அந்த ஈட்டிகளைப் பாய்ச்ச இருந்த வெடிமருந்து நைட்ரோசெல்லுலோஸ். வெற்றிடத்தில் அது நம்பகமாகப் பற்றாது என்று சோதித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எரிதல் சீராக நடக்க அழுத்தம் தேவை. அதனால் வெடிமருந்து அறையைக் காற்றுப் புகாமல் மூடுவது கட்டாயம். அந்த அடைப்பு இன்னொரு வேலையும் செய்கிறது: புகையின் கரிமப் பொருள் மாதிரியில் கலந்துவிட்டால், சிறுகோளின் கரிமம் எது, நம்முடையது எது என்று ஆய்வுக்கூடத்தில் பிரிப்பது பெரும்பாடு.

பின்னுதைப்பையும் மறக்கக் கூடாது. அந்த 5 கிராம் குண்டு, 500 கிலோ கலத்துக்கு நொடிக்கு 3 மில்லிமீட்டர் வேகம்தான் தரும். கனமான ஈட்டியை இலேசான இறங்குகலத்திலிருந்து விட்டால் நிலைமை வேறு. சிறுகோளிலும் வால்மீனிலும் ஈர்ப்பு பெயருக்குத்தான் இருக்கிறது; கலத்தை அது பிடித்து வைக்காது.

ஹயபுசா-2, 2019இல் ரியுகு என்ற சிறுகோளில் இரண்டு முறை சரியாகச் சுட்டு, 5.4 கிராம் மாதிரி கொண்டுவந்தது. ஆக, இது முடியாத வேலை இல்லை. ஆனால் வெடிமருந்தைத் தனியாக, மின்சுற்றைத் தனியாக, நிரலைத் தனியாகச் சோதித்துவிட்டு, சரி, முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள். பறக்கப் போகும் அதே நிரல் கட்டளையிட, குளிர்ந்த வெற்றிட அறைக்குள் பொறி முழுதாகச் சுட வேண்டும். அப்புறம் இலக்கை மாற்றி மாற்றிச் சுடுங்கள்: மணல், பனி, கல். எது காத்திருக்கிறது என்று கலம் போய்ச் சேரும்வரை யாருக்கும் தெரியாது.